சிறப்புப் பள்ளிகளுக்கும் நிழல்வலைக்குடில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். விழா மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, எங்கள் மாணவர்கள் செய்த மெழுகுவத்தி, காகித உறை, பினாயில் பாட்டில்களை அடுக்கி வைப்போம். வந்தவர்கள் பாராட்டிவிட்டு ஆளுக்கொன்று வாங்கிப் போவார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றில் நான் தொழிற்பயிற்சி ஆசிரியை. அந்தத் தொழில்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குத் தொழில் என்றாலே அந்த மூன்றோடு நம் யோசனை நின்றுவிடுகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கொடையாளர் ஒருவர் உதவியால் எங்கள் பள்ளியின் பின்பக்கம் சின்னதாக ஒரு நிழல்வலைக்குடில் போட்டிருக்கிறோம். 50 சதவீதம் வெயிலை மறைக்கும் பச்சை வலை. எங்கள் ஊர் வெயிலுக்குக் கண்ணாடிப் பசுமைக்குடில் சரிப்படாது, உள்ளே அடுப்படி மாதிரி ஆகிவிடும். வலைக்குள்ளும் காலை பத்தரைக்கு மேல் பிள்ளைகளை நிற்க விடுவதில்லை. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், வெக்கை அவர்களுக்கு ஆகாது. சக்கர நாற்காலி நுழையச் சாய்தளம் உண்டு. தொட்டிகள் மேசைமேல், அடியில் முழங்கால் போகும் உயரம். குந்தி உட்கார முடியாதவர்களுக்குத் தோட்டவேலை எதற்கு என்று கேட்ட பெற்றோர், அந்த மேசையைப் பார்த்த பிறகு கேட்கவில்லை.

கீரை போடுங்கள், சீக்கிரம் பலன் தெரியும் என்று பலரும் சொன்னார்கள். கீரையும் போடுகிறோம். ஆனால் சிறுகீரை விதை, விரல்பிடிப்பு சரியில்லாத கைக்கு அகப்படுவதில்லை. பாதி வழியிலேயே சிந்திவிடும். சம்பங்கிக் கிழங்கு உள்ளங்கையில் நிற்கும். பார்வையும் குறைந்த மாணவி ஒருத்தி எங்களிடம் இருக்கிறாள். கிழங்கைக் கையில் கொடுத்ததும் கட்டைவிரலால் சுற்றித் தடவுவாள். காய்ந்த வேர் சொரசொரவென்று தட்டுப்படும் பக்கம் கிடைத்ததும் அதைக் கீழாக வைத்து, நுனி லேசாகத் தெரிகிற அளவுக்கு மண்ணை அணைத்துவிடுவாள். அவள் நட்டதை நாங்கள் சரிபார்ப்பதே இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது ஃபுட்பால் லில்லி. மே மாதத்தையொட்டி, கோடை மழை விழுந்ததும் சிவப்புப் பந்தாகப் பூக்கும். பிறகு சில மாதம் இலை விட்டு, அதுவும் காய்ந்து, தொட்டியில் வெறும் மண்தான் தெரியும். செடி இல்லாத தொட்டியைக் கண்டால் பிள்ளைகள் இன்னும் நிறையத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஓய்விலிருக்கும் கிழங்கு அழுகிப்போகும். அதனால் அந்தத் தொட்டிகளுக்குச் சிவப்பு நாடா கட்டுகிறோம். நாடா கட்டிய தொட்டிக்குத் தண்ணீர் கிடையாது. ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டார். யாராவது தண்ணீர்க் குவளையோடு அங்கே போனால், “தூங்குது, வேண்டாம்” என்று கையால் மறிக்கிறார். அவர் ஒரு நாளில் பேசுவதே கொஞ்சம். தினமும் காலையில் நாடாக்களைச் சரிபார்ப்பது இப்போது அவருடைய வேலை.

செங்காந்தள் இல்லையா, நம் மாநில மலராயிற்றே என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலேயே ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகக் காடு காடாகப் பயிரிட்டு, காலையில் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைப்பார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் கண்வலிக்கிழங்கு என்றும் சொல்லப்படும் அந்தச் செடி முழுக்க நஞ்சு; அதிலுள்ள கோல்சிசின் கொஞ்சம் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. கையில் கிடைத்ததை வாயில் வைத்துப் பார்க்கும் பிள்ளைகள் நடுவே அதை வைக்க முடியாது. லில்லிக் கிழங்கும் தின்னக்கூடாததுதான் என்பதால் பூட்டி வைத்து, வளர்ந்த மாணவர்களிடம் மட்டும் எண்ணிக் கொடுத்து, நட்டதும் எண்ணிப் பார்க்கிறோம். பிற பள்ளிகள் இதைத் தொடங்கினால் முதலில் வைக்கக்கூடாத நஞ்சுச் செடிகளின் பட்டியலை எழுதிக்கொள்ள வேண்டும். அரளி, டிஃபன்பேகியா போன்ற அழகுச் செடிகளையும் தவிர்ப்பது நல்லது.

18 வயதுக்குப் பிறகு என் பிள்ளை என்ன செய்வான்? எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் இந்தக் கேள்வி வராமல் போனதில்லை. தொட்டி மண் கலப்பது, கிழங்கு பிரிப்பது, பெயர் அட்டை செருகுவது என்று வேலையைச் சிறு சிறு படிகளாக்கினால், ஆளுக்கொரு படியைச் சுத்தமாகச் செய்துவிடுகிறார்கள். நர்சரிகளில் நடப்பதும் இதே வேலைதானே.

இதற்கு அரசு வழிசெய்ய முடியும். தேசிய தோட்டக்கலை இயக்கத்தில் நிழல்வலைக்குடில் அமைக்க விவசாயிகளுக்குப் பாதிச் செலவு வரை மானியம் உண்டு. நாங்களும் விசாரித்தோம். நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் யார் பெயரில் என்ற கேள்வியோடு பேச்சு நின்றது. பள்ளி நடப்பதோ அறக்கட்டளை இடத்தில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 37-ஆவது பிரிவு, வறுமை ஒழிப்பு, வளர்ச்சித் திட்டங்களில் இவர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு வேண்டும் என்கிறது. அந்தப் பங்கை இத்தகைய திட்டங்களில் பள்ளிகள் வழியாகவும் பெற வழி வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே ஓர் அரசாணையில் முடிகிற காரியம் இது. அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் கிழங்கும் நாற்றும் தந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அலுவலரை அனுப்பினால் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பெரிய துணை.

எங்கள் மாவட்டத்தின் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கிறது. எங்கள் லில்லியும் அப்போதுதான் பூக்கும். சிறப்புப் பள்ளிகளுக்கு அங்கே ஓர் அரங்கு ஒதுக்க வேண்டும், படிக்கட்டு இல்லாத இடமாக. இரக்கப்பட்டு வாங்க வேண்டாம். பக்கத்து நர்சரியின் தொட்டியோடு வைத்துப் பார்த்து, பிடித்திருந்தால் அதே விலை கொடுத்து வாங்கட்டும்.

இப்படிக்கு,
தொழிற்பயிற்சி ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.