பரங்கிமலைப் படிக்கட்டில் பார்த்த அக்காவுக்கு

போன ஞாயிறு சாயங்காலம் பரங்கிமலைப் படிக்கட்டில் அழுதுகொண்டிருந்தவன் நான்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். வேலை போனது, வீட்டில் 'தண்டச்சோறு' என்று பேர் வாங்கியது, எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் அறிவுரை சொல்லவில்லை (அதற்கே தனி நன்றி). வேதாகமத்தில் ரோமர் 8:15-ஐக் காட்டினீர்கள். "அப்பா பிதாவே" என்று கூப்பிடவைக்கும் புத்திரசுவிகாரத்தின் ஆவி, அதாவது நம்மைப் பிள்ளையாகத் தத்தெடுக்கும் ஆவி. அந்த 'அப்பா' நம் தமிழ்ச் சொல் இல்லை, இயேசு பேசிய அரமேயச் சொல் என்றீர்கள். சின்ன வயதிலிருந்து வாசித்த வசனம்தான், இது மட்டும் தெரியாது. "தத்தெடுத்த பிள்ளைகிட்ட யாரும் சம்பளச் சீட்டு கேட்க மாட்டாங்க தம்பி" என்றீர்கள். அப்புறம் ரயிலுக்கு நேரமாச்சு என்று இறங்கிவிட்டீர்கள். பேர்கூடக் கேட்கவில்லை. அன்று ராத்திரி, பல மாதம் கழித்து, ஜெபத்தில் 'அப்பா' என்றேன். நன்றி அக்கா. உங்கள் பாட்டில் என்னிடம்தான் இருக்கிறது.