வயல்காட்டுக் குயிலும் மாயவரம் டி.எம்.எஸ்.ஸும்

குத்தாலம்,
மாசி மாதம்.

அன்புள்ள மாயவரம் டி.எம்.எஸ். அவர்களுக்கு,

திருப்பூரில் உன்னை இப்படிக் கூப்பிட ஆளிருக்காது. அதனால் நானே கூப்பிட்டுவிட்டேன்.

இங்கு எல்லோரும் சௌக்கியம். சம்பா அறுத்தாயிற்று. மெஷின் வாடகை போக மிச்சம் என்ன என்று மட்டும் கேட்காதே. உளுந்து பூ வைத்திருக்கிறது. சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டோடு வாய்க்கால் சண்டை, ஆகவே நன்றாக இருக்கிறார். தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை என்று வக்கீலிடம் புலம்பினாயாமே? இதோ, வட்டியோடு எழுதுகிறேன்.

விஷயம் நம்ம பாட்டுக் கோஷ்டி யமஹாவின் பெண்ணைப் பற்றியது.

கார்த்திகையில் நீ எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? வரப்பில் நின்று ஒரு பெண் தாலாட்டு பாடுவாள். "மண்ணின் குரல், கண்ணீர் வந்துவிட்டது" என்று கீழே எழுதியிருந்தாய். அடேய், அது யமஹா பெண். நீ பெயர்சூட்டு விழாவில் மைக் பிடித்து நாலு மணி நேரம் இறங்காமல் பாடினாயே, அதே குழந்தைதான். வளர்ந்து கும்பகோணத்தில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறது. உனக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் ஊரில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

நடந்தது இவ்வளவுதான். புரட்டாசியில் அவர்கள் வயலில் நடவு. இவள் ஆட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு போனாள். சரியான வெயில். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டிருந்தாள். நடவு ஆட்களில் ஒரு ஆயா, "என்னமோ பாடுவியாமே, பாடு பாப்பம்" என்றிருக்கிறாள். அந்த ஆயாவிடமே சின்ன வயதில் கேட்டுப் படித்த தாலாட்டை இவள் பாடினாள். அத்தை மகன் போனில் பிடித்துப் போட்டுவிட்டான். படத்தில் சட்டை தெரிகிறது, துண்டு தெரிகிறது, பின்னால் நட்ட வயல் தெரிகிறது. டீத்தூக்கு தெரியவில்லை. செருப்பைக் களத்தில் கழற்றிவிட்டிருந்தாள், வெறுங்கால் தெரிகிறது.

அவ்வளவு போதுமானதாக இருந்தது. ஒரே வாரத்தில் அவள் நாற்று நட்டு அம்மாவைக் காப்பாற்றும் ஏழைப் பெண் ஆகிவிட்டாள். பள்ளிக்கூடமே போகாதவள் என்று ஒருவன் எழுதினான். அப்பா இல்லை என்று இன்னொருவன் எழுதினான். யமஹா அதைப் படித்துவிட்டு, "நான் இருக்கேண்டா" என்று பதில் போடப் போய், "நீ யார்டா நடுவுல?" என்று திட்டு வாங்கினான். அதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. சிரிக்க முடியாததும் இருந்தது. இவள் எங்க ஆளு என்று ரெண்டு மூன்று சாதிக்காரர்கள் அங்கேயே உரிமை கொண்டாடி அடித்துக்கொண்டார்கள்.

நீ எப்போதும் சொல்வாய், பாடுகிறவர்களுக்கு இமேஜ் என்பதெல்லாம் கம்பெனிக்காரன் செட்டப், காசு கொடுத்துப் பேப்பரில் எழுத வைப்பது என்று. இங்கே எந்தக் கம்பெனி இருந்தது, சொல். ஒரு போன், ஒரு சட்டை. மீதி முழுக்க பார்த்தவர்கள் போட்டது. நீயும் கண்ணீர் வடித்து உன் பங்கைப் போட்டாய்.

பொங்கல் லீவில் அவள் இன்னொரு வீடியோ போட்டாள். ஜீன்ஸ் பேன்ட், காதில் பெரிய வளையம், கொரியாக்காரன் பாட்டு. நன்றாகத்தான் பாடியிருந்தாள். ஸ்வரம் எங்கேயும் நழுவவில்லை. விழுந்தது பார் திட்டு! "பணம் வந்ததும் மாறிட்டா" என்று ஒரே கூச்சல். யாரடா பணம் கொடுத்தீர்கள்? ஒரு காலணா வரவில்லை. அவர்கள் தைத்துக் கொடுத்த சட்டையை இவள் கழற்றி வைத்தாள் என்பதுதான் கோபம், அந்தச் சட்டை அவள் அப்பனுடையது என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அறை முழுக்க பி.டி.எஸ். என்கிற கொரியாப் பாட்டுக் குழுப் பையன்கள் படம். எல்லாரும் ஒரே முகமாக இருக்கிறார்களே என்றேன். "மாமா, உங்க டி.எம்.எஸ்., சீர்காழி எல்லாரும் எனக்கு ஒரே நெத்தியாத்தான் இருக்கு" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். 2020இல் அந்தப் பையன்கள் அமெரிக்காவில் கறுப்பர் உரிமைக்காகப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார்களாம். ரசிகர்கள் ஏறக்குறைய ஒரே நாளில் தங்களுக்குள் வசூல் செய்து அதே பத்து லட்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்களாம். நாங்க சும்மா கை தட்டுற கூட்டம் இல்ல மாமா, அவங்க யாருங்கிறதுல பாதி நாங்கதான் என்று பெருமையாகச் சொன்னாள். 2022 ஜூனில் அதே பையன்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கொஞ்ச காலம் தனித்தனியாகப் பாடப் போகிறோம் என்றார்கள். மறுநாளே அவர்கள் கம்பெனிப் பங்கு கால்வாசி விழுந்தது என்பதையும் அவளே சொன்னாள்.

பாதி நீங்கதான் என்றால் அந்தப் பாதி கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். உடனே முகம் மாறிவிட்டது. ஏஸ்பா என்று ஒரு பெண்கள் குழு, அதில் கரீனா என்று ஒருத்தி. 2024 தொடக்கத்தில் அவள் ஒரு நடிகரோடு பழகுகிறாள் என்று செய்தி வந்தது. ரசிகர்கள் எலெக்ட்ரானிக் பலகை வைத்த லாரியைக் கம்பெனி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள், நாங்கள் கொடுக்கிற அன்பு போதாதா என்று கேட்டு. அந்தப் பெண் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினாள். ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்பதற்கு மன்னிப்பு! கல்யாணமாகிப்போன ஹீரோயினுக்கு மார்க்கெட் போச்சு என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதியவர்கள் நாம். நமக்கு லாரி வாடகைக்கு வசதி இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நம்மூர் எம்.கே. தியாகராஜ பாகவதர் நினைப்பாகவே இருந்தது. மாயவரத்தில் பிறந்த மனுஷன் என்ற பெருமையில் என் பாட்டி அவரைப் பற்றிச் சொல்லாத கதை இல்லை. தங்கத் தட்டில் சாப்பிடுவார் என்பாள், என்னவோ இவளே பரிமாறிய மாதிரி. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளைப் பத்திரிகைக்காரன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பிடித்துவிட்டார்கள். திரையில் பக்தியில் உருகிப் பாடுகிறார், அசல் ஆள் ஜெயிலில். கொட்டகையில் கூட்டம் குறையவில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1947இல் விடுதலையானார். ஆனால் வெளியே வந்த பிறகு எடுத்த படங்கள் பழையபடி போகவில்லை. 1959இல் போய்ச் சேர்ந்தார், ஐம்பது நிறையவில்லை.

காலம் மாறியதும் காரணம்தான். பாட்டுக்காகப் படம் பார்த்த கூட்டம் வசனத்துக்குக் கை தட்ட ஆரம்பித்துவிட்டது. 1952இல் பராசக்தி வந்தபோது யார் பாடினார்கள் என்றா பேசினார்கள்? ஆனால் எனக்கு இடிப்பது வேறு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதே வழக்கு, அதே தண்டனை, அதே விடுதலை. அவர் வந்தார், 1949இல் நல்லதம்பி எடுத்தார், ஜனம் பழையபடி சிரித்தது. ஏன் அவரை மட்டும் ஏற்றுக்கொண்டது? நான் யோசித்த வரைக்கும் இதுதான். கலைவாணரைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்காருகிற ஆளாகத்தான் ஜனம் வைத்திருந்தது. திண்ணை ஆள் ஜெயிலுக்குப் போய் வரலாம், வந்து அதையும் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம். பாகவதரைத் தங்கத் தட்டு வைத்து சாமி மாடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அங்கே ஜெயிலுக்கு இடம் கிடையாது. அந்தத் தட்டை அவர் கேட்டாரா? என் பாட்டி மாதிரி ஆயிரம் பேர் கொடுத்தது அது.

ஆனால் எல்லாரையும் ஜனம் இப்படி ஒரே கட்டத்தில் அடைப்பதில்லை என்பதும் உண்மை. நாகூர் ஹனிபா தி.மு.க. மேடையிலும் பாடினார், தர்காவிலும் பாடினார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு "இறைவனிடம் கையேந்துங்கள்" கேட்ட என் அம்மா கடைசி வரைக்கும் காங்கிரஸுக்குத்தான் ஓட்டுப் போட்டாள். அந்தக் குரலுக்கு யாரும் ஒரே ஒரு வேஷம் கட்டவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ யோசித்துச் சொல்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். சித்திரையில் மாரியம்மன் திருவிழா. கச்சேரிக்கு யமஹா பெண் பாட வேண்டும் என்று விழாக் குழு பிடிவாதமாக நிற்கிறது. மைக் செட் என்னுடையது என்பதால் தூது போகிற வேலை என் தலையில். ஒரே ஒரு நிபந்தனையாம். பாவாடை தாவணி, மேலே அந்தச் சட்டை. பிளெக்ஸ் மாதிரி எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். "வயல்காட்டுக் குயில்" என்று கொட்டை எழுத்து. அதுகூடப் போகட்டும். படத்தில் அவள் கையில் ஒரு நாற்று முடி. வீடியோவில் அவள் கை வெறுமையாக இருந்ததால் பிளெக்ஸ் கடைப் பையன் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறான். ஒட்டியதும் சரியில்லை, விரல் ஆறு தெரிகிறது. பிடித்திருக்கிற பிடியைப் பார்த்தால் நட்டவள் எவளும் சிரிப்பாள், துடைப்பத்தைப் பிடிக்கிற பிடி.

யமஹாவுக்கு இதில் சந்தோஷம். சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறான், தெரியுமா? அழுக்குச் சட்டைதான் வேண்டும் என்று குழுத் தலைவர் சொன்னதும் திகைத்து நிற்கிறான். பெண் மாட்டேன் என்கிறாள். "நான் நாத்து நட்டதே இல்ல மாமா. நட்ட ஆயாவுக்கு ஒரு ரூபா கெடைக்கல, அவ பாட்டுக்கு எனக்கு மாலையா?" என்கிறாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நானும் அவள் கட்சிதான். ஆனால் அந்த முதல் வீடியோவுக்குக் கீழே துபாயிலிருந்து ஒருவர் எழுதியிருந்ததை அவளே எனக்குக் காட்டினாள். "என் அம்மா நடவுக்குப் போயிட்டு வந்து ராத்திரி இப்படித்தான் பாடுவா. அவ செத்தப்ப லீவு கிடைக்கல." அந்த ஆளிடம் போய், இது பி.காம். பெண்ணப்பா, டீ கொடுக்கப் போனவள் என்று எப்படிச் சொல்வது? அவர் பார்த்தது இவளையே இல்லை. இவள் குரல் வழியாகத் தன் அம்மாவைப் பார்த்திருக்கிறார். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை, அதனால்தான் அந்த வீடியோவை எடுக்காமல் வைத்திருக்கிறாள். திட்டுகிறவர்களை விட இவர்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்கிறார் என்று நினைக்கிறேன்.

இதில்தான் நீ வருகிறாய். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தீமிதிக்கு வாசித்தோமே, மறந்திருக்க மாட்டாய். துண்டுச் சீட்டு அத்தனையும் எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு. நடுராத்திரிக்கு மேல் நீ ஆசைப்பட்டு ஒரு எஸ்.பி.பி. பாட்டு எடுத்தாய். எவ்வளவு அழகாகப் பாடினாய் என்பது பக்கத்தில் டோலக் வாசித்த எனக்குத் தெரியும். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, உங்க சொந்தக் குரல்ல பாடுங்க தம்பி" என்றாரே! சொந்தக் குரல் என்று அவர் சொன்னது டி.எம்.எஸ். குரலை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நீயும் சிரித்தாய், உடனே அடுத்த சீட்டை எடுத்து அவருக்குப் பிடித்ததையே பாடினாய். வேனில் வரும்போது மட்டும் ஒன்றும் பேசவில்லை. உன்னிடம் அதைப் பற்றி நான் எப்போதும் கேட்டதில்லை.

டி.எம்.எஸ்.ஸாவது ரெண்டு நடிகருக்கும் குரலைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தன் பெயரில் வீட்டுக்குப் போனார். நீ அவர் பெயரிலேயே வீட்டுக்கு வந்தாய். இத்தனை வருஷம் இன்னொருத்தர் குரலில் வாழ்ந்தது பாரமா, நிழலா? எப்போது சுகமாக இருந்தது, எப்போது குமட்டியது? இதை அவளிடம் சொல்ல நம் கூட்டத்தில் உன்னைத் தவிர ஆள் இல்லை. சட்டையைப் போடு என்றோ போடாதே என்றோ சொல்லாதே. "எங்க காலத்துல" என்று மட்டும் தொடங்கிவிடாதே, பாதியிலேயே காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள்.

ஒன்பது மணிக்கு மேல் பேசு, அதுவரைக்கும் பரீட்சைக்குப் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பேசிவிடு, சனிக்கிழமை பிளெக்ஸ் அச்சுக்குப் போகிறது. நாற்று முடியை எடுக்கச் சொல்லிவிட்டேன், ஆறாவது விரலையும்தான். போனை யமஹா எடுத்தால் நான் எழுதினேன் என்று சொல்லித் தொலைக்காதே.

உன்,
டோலக்கு