பச்சோந்தியின் கை வளைந்தால் முதலில் விளக்கைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். நத்தார் விடுமுறையில் பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கிக் கொடுக்கும் பச்சோந்திக் குஞ்சுகள் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் படுக்கையில் விழுகின்றன. வாங்கும்போது இரண்டு மூன்று மாதக் குஞ்சு. இப்போது அதற்கு ஐந்தாறு மாதம். என்பு மிக வேகமாக வளரும் இந்தப் பருவம் முழுவதும் கனடாவின் குளிர்காலத்தில், சாத்திய யன்னலுக்கு உள்ளேயே கழிந்துவிடுகிறது. “கை கோணிப் போகுது, கல்சியம் தூளை இன்னும் கொஞ்சம் கூடப் போடட்டுமா?” என்ற கேள்வி ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் எழும் காலம் இது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் உங்கள் பத்திரிகை வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்று இதை எழுதுகிறோம். தூளில் கை வைக்க முன் கூட்டின் மேலே உள்ள விளக்கைப் பாருங்கள்.

இங்கே கடைகளில் அதிகம் விற்பது யேமனையும் சவூதியின் தென்மேற்கு மலைப்பக்கத்தையும் தாயகமாகக் கொண்ட வெயில்ட் பச்சோந்தி. அதற்கு அடுத்தது மடகஸ்கார் தீவின் பாந்தர் பச்சோந்தி. இரண்டும் சுள்ளென்ற வெயிலில் வாழ்ந்த இனங்கள். வெயிலில் உள்ள யூவிபி என்ற, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் விற்றமின் டி3 உருவாகும். டி3 ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து ஒரு ஹோர்மோனாகும். அந்த ஹோர்மோன் இருந்தால்தான் குடல் கல்சியத்தை உள்ளே எடுக்கும். கதிர் இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு தூள் தூவினாலும் பெரும்பங்கு எச்சத்தோடு வெளியே போய்விடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த நாட்டில் தினமும் 400 யூனிற் விற்றமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். குழந்தையில் ரிக்கெற்ஸ் என்று சொல்வதன் நெருங்கிய உறவுதான் பச்சோந்தியில் வரும் இந்த என்பு நோய். வளர்ப்பவர்கள் சுருக்கமாக எம்.பி.டி (மெற்றபோலிக் போன் டிசீஸ்) என்பார்கள்.

இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் தசையும் இதயமும் இயங்காது. அதனால் உடம்பு எப்பாடுபட்டாவது அந்த அளவைக் காப்பாற்றப் பார்க்கும். பாராதைரொயிட் சுரப்பி விழித்துக்கொண்டு என்பில் இருக்கும் கல்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்பும். கரைந்த இடத்தை நார்த்திசு நிரப்பும். இரத்தப் பரிசோதனையில் கல்சியம் சரியாக இருக்கிறது என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாததற்குக் காரணம் இதுதான். என்பை விற்றுத்தான் அந்தக் கணக்கு நேர் செய்யப்பட்டிருக்கும்.

இப்போது விளக்கு. கடைகளில் கூடு, கொடி, விளக்கு எல்லாம் சேர்த்துத் தரும் பொதியில் பெரும்பாலும் சுருள் வடிவச் சிறு யூவிபி குமிழ்தான் இருக்கும். அதன் கதிர் ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே தளர்ந்துவிடும், அகலமாகவும் பரவாது. பச்சோந்திக்குத் தேவை நீள ரியூப்: ரி5 எச்.ஓ என்ற, மெல்லிய ஆனால் கூடுதல் கதிர் தரும் வகை, பின்னால் பளபளப்பான பிரதிபலிப்பான் உள்ள தாங்கியுடன். ரெப்ரிசன் 5.0 அல்லது ஆர்கேடியா 6 சதவீதம் என்று பெயரிட்டு விற்கும் ரியூப் போதும். ரியூப்பைக் கூட்டின் வலைமூடிக்கு மேலே வைத்து, வெயில் காயும் கிளையை அதற்குக் கீழே கட்டுங்கள். கிளையில் இருக்கும் பச்சோந்தியின் முதுகு ரியூப்பிலிருந்து 20 முதல் 25 சென்ரிமீற்றருக்குள் வர வேண்டும். அளப்பது கிளைக்கு அல்ல, முதுகுக்கு. வலை மட்டுமே கதிரில் மூன்றில் ஒரு பங்கை, சிலவேளை பாதியை, தடுத்துவிடும். கண்ணாடியோ பிளாஸ்ரிக் தகடோ இடையில் இருந்தால் யூவிபி வரவேயில்லை என்று கொள்ளலாம். யன்னலோரம் வைத்திருக்கிறோம், நல்ல வெயில் படுகிறது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கண்ணாடி வழியாக வருவது சூடும் வெளிச்சமும் மட்டுமே. யன்னலைத் திறந்தாலும் மார்கழியில் ரொறன்ரோவின் நடுப்பகல் யூவி சுட்டெண் 1 அளவில்தான் நிற்கும். கிளையில் வேண்டியது கிட்டத்தட்ட 3. அளந்து பார்க்க விரும்புபவர்களுக்குச் சோலார்மீற்றர் 6.5 என்ற கருவி இருக்கிறது. விலை கொஞ்சம் கூட, ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றவிடலாம்.

ரியூப் எரிந்துகொண்டிருக்கிறது என்பதால் யூவிபி வருகிறது என்று நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அப்படியே இருக்க, தெரியாத கதிர் மாதாமாதம் குறைந்துகொண்டே போகும். ரி5 ரியூப்பை 12 மாதத்தில் மாற்றுங்கள். பழைய ரி8 ரியூப் என்றால் 6 மாதம். பூட்டிய நாளை மார்க்கர் பேனையால் ரியூப்பின் உலோக முனையிலேயே எழுதிவிடுவது நல்ல பழக்கம். பாவித்த விளக்கோடு கூட்டை இன்னொருவரிடம் வாங்குபவர்கள் அந்த ரியூப்பைச் செத்த ரியூப் என்றே கணக்கெடுங்கள்.

பகலில் 12 மணி நேரம் விளக்கு. கூடவே வெப்பக் குமிழ் ஒன்று: வளர்ந்த ஆண் வெயில்ட் பச்சோந்திக்குக் கிளையில் 29 முதல் 32 பாகை செல்சியஸ், குஞ்சுக்கு 27, 28, பெண்ணுக்கு 27. இரவில் விளக்கு எதுவும் வேண்டாம். பகலில் இந்தச் சூடு கிடைக்காமல் குளிர்ந்த உடம்பில் சமிபாடும் நடக்காது, தோலில் டி3 மாற்றமும் முழுமையடையாது.

தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிலும் தவறு நடக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தை வாசியுங்கள். தினசரிக்கு வேண்டியது டி3 இல்லாத, பொஸ்பரஸ் இல்லாத வெறும் கல்சியம் காபனேற்று. ஒவ்வொரு வேளையும் பூச்சியின் மேல் மெல்லிய படலமாக இருந்தால் போதும். மாப்பூசிய பலகாரம்போல் வெள்ளையாக இருந்தால் பல பச்சோந்திகள் அதைத் தொடாது. டி3யும் பல்விற்றமினும் கலந்த தூள் மாதத்தில் இரண்டு நாள், முதலாம் திகதி, பதினைந்தாம் திகதி என்று வைத்துக்கொள்ளலாம். பயத்தில் அதைத் தினமும் போடுபவர்களுக்கு நேர் எதிரான ஆபத்து காத்திருக்கிறது. மிஞ்சிய டி3 கல்சியத்தைச் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் படியவைக்கும். விளக்கில் அந்தப் பயம் இல்லை. தோலில் அளவுக்கு மிஞ்சி உருவாவது அதே கதிரினாலேயே பயனற்ற வேறு பொருளாக உடைந்துவிடும். பாந்தர் பச்சோந்திகளை வைத்துச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 2003இல் வெளியானது. உணவில் டி3 குறைவாகக் கிடைத்த பச்சோந்திகள் தாமாகவே கூடுதலாக வெயில் காய்ந்தன. நல்ல கதிரும் ஒதுங்க நிழலும் இருந்தால் தன் தேவையை அது தானே பார்த்துக்கொள்ளும்.

கடையில் விற்கும் கிரிக்கெட் பூச்சியில், நம் ஊரில் சில்லூறு என்போமே அதில், கல்சியத்தைவிடப் பொஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பச்சோந்திக்கு வேண்டியதோ பொஸ்பரஸ் ஒரு பங்குக்குக் கல்சியம் ஒன்றரை, இரண்டு பங்கு. அதனால் பூச்சியைக் கொடுக்க 24 முதல் 48 மணி நேரம் முன்பே அதன் வயிற்றை நிரப்ப வேண்டும். கொலாட் கீரை, டன்டிலயன் இலை, பூசணி, வற்றாளங்கிழங்கு, பப்பாசி எல்லாம் நல்லது. தமிழ்க் கடையில் கட்டாக விற்கும் முருங்கையிலை இதற்கு அருமையானது, கல்சியம் நிறைந்தது. பசளியும் முளைக்கீரையும் வேண்டாம். அவற்றின் ஒட்சலேற்று கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மீல்வோர்ம் புழுவை மட்டும் கொடுத்து வளர்ப்பது நோயை விலைக்கு வாங்குவது. பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் இயற்கையாகவே கல்சியம் அதிகம் என்பதால் கிழமையில் இரண்டு மூன்று தரம் அதைச் சேர்க்கலாம்.

பெண் வெயில்ட் பச்சோந்தி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆண் இல்லாமலே அது முட்டை வைக்கும், ஒரே தரத்தில் பல பத்துக்கள். அத்தனை முட்டைக்கும் வேண்டிய கல்சியம் உணவில் போதாவிட்டால் அதன் என்பிலிருந்துதான் போகும். வளர்ந்த பெண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நாலு பூச்சிக்கு மேல் கொடுக்காமல், கிளைச் சூட்டையும் 27 பாகைக்கு மேல் போகவிடாமல் வைத்தால் முட்டை எண்ணிக்கை குறையும். முட்டையிட 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய வாளி எப்போதும் கூட்டுக்குள் இருக்கட்டும்.

நோயின் முதல் அடையாளம் வளைந்த கை அல்ல. வளைவு கண்ணுக்குத் தெரியும்போது நோய் நெடுநாள் நடந்திருக்கும். முதலில் குறைவது பிடி. சுகமான பச்சோந்தியின் பாதம் இடுக்கிபோலக் கிளையைக் கவ்வும், உடம்பு கிளையிலிருந்து ஒரு விரல் உயர்ந்து நிற்கும். நோய் தொடங்கியதும் வயிறு கிளையில் உரசும், நேரே முன்னால் போக வேண்டிய முழங்கை பக்கவாட்டில் விரியும், உச்சிக்குப் போன பிராணி கீழ்க்கிளைகளிலேயே தங்கும். அடுத்தது நாக்கு. குறி சரியாக இருக்கும், ஆனால் நாக்கு பூச்சிக்கு இரண்டு விரல் முன்னமே விழுந்துவிடும், பிறகு மெதுவாகத்தான் உள்ளே இழுபடும். நாக்கை ஏவுவதற்கும் தசைக்குக் கல்சியமும் உள்ளே ஒரு உறுதியான என்பும் வேண்டும். அதன்பின் கீழ்த்தாடை இரு பக்கமும் தடித்து, வாய் முழுவதாக மூடாமல் போகும். கால்விரல் துடிப்பதோ உடம்பு நடுங்குவதோ தெரிந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். அது இரத்தத்தின் கல்சியமே விழுந்துவிட்டது என்ற அறிகுறி.

எல்லா மிருக வைத்தியரும் ஊர்வன பார்ப்பதில்லை. தொலைபேசியில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்றேயும் இரத்தக் கல்சியம், பொஸ்பரஸ் அளவும் எடுப்பார்கள். என்பில் கணிசமான பங்கு கரைந்த பிறகுதான் எக்ஸ்றேயில் தெரியும் என்பதால் படம் சுமாராக இருந்தாலும் அடையாளங்களை விவரமாகச் சொல்லுங்கள். நடுக்கம் இருந்தால் கல்சியம் ஊசி, இல்லாவிட்டால் பாணியாகக் கல்சியம், தேவைப்பட்டால் நீரேற்றம். என்பு கரைவதைத் தடுக்கும் கல்சிற்றோனின் என்ற ஊசியைச் சில வைத்தியர்கள் பாவிப்பார்கள், ஆனால் இரத்தக் கல்சியம் சீரான பிறகு மட்டுமே. முன்னே போட்டால் கல்சியம் இன்னும் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். வளர்ந்த ஆணே 100 முதல் 200 கிராம்தான், குஞ்சு அதில் பத்தில் ஒரு பங்கு. வீட்டிலிருக்கும் மனிதருக்கான கல்சியப் பாணியைக் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது என்பது இதனால்தான்.

வீட்டுக்கு வந்தபின் பழைய உயரக் கூட்டை மறந்துவிடுங்கள். இந்த என்புக்கு ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் தொடை முறியும். 45 முதல் 60 சென்ரிமீற்றர் உயரக் கூடு, அடியில் மடித்த துவாய், விரல் தடிப்பில் சொரசொரப்பான கிளைகள் படுக்கையாக, ஒன்றிலிருந்து மற்றதுக்கு எட்டும் தூரத்தில். ரியூப்பின் அதே 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரம் இங்கும் மாறக்கூடாது. நோயாளி என்று கிட்ட வைக்காதீர்கள். நகர முடியாத பிராணி கதிரில் வெந்துபோகும். ஒரு பக்கம் இலை நிழல் கட்டாயம். நாக்கு எட்டாததால் பூச்சியைக் கிண்ணத்தில் போட்டு வாய்க்கு ஐந்து சென்ரிமீற்றர் முன்னால் பிடியுங்கள். வாயை விரலால் நெம்பித் திறக்க வேண்டாம், தாடை அப்படியே மடங்கிவிடும். பாணி கொடுக்க அது தானாக வாய் திறக்கும் தருணத்தைப் பார்த்து உதட்டோரம் ஒரு சொட்டு விடலாம். கிளையிலிருந்து இழுத்து எடுக்கவே கூடாது. பிடித்திருக்கும் காலை உரித்தெடுக்கும்போதுதான் பல முறிவுகள் நடக்கின்றன. கையை முன்கால்களுக்குக் கீழே நீட்டி, தானாக ஏறும்வரை பொறுத்திருங்கள். ஒரு நிமிடம் ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம்.

சமையலறைத் தராசில் கிழமைக்கு இரண்டு தரம் நிறுத்து எழுதிவையுங்கள். நடுக்கம் சில நாட்களில் நிற்கும். பிடி திரும்பச் சில கிழமைகள் செல்லும். என்பு இறுகுவதற்கு மாதக்கணக்காகும். வளைந்த கை வளைந்தபடியேதான் இறுகும், அதை வைத்துக்கொண்டே அது நன்றாக ஏறி, சாப்பிட்டு வாழும். ஆகவே கை நிமிரவில்லை என்று மருந்தைக் கூட்டாதீர்கள், பிடி வந்துவிட்டது என்று நிறுத்தவும் வேண்டாம்.

குளிர் நாளில் வைத்தியரிடம் கொண்டுபோகும்போது காரை முதலில் சூடாக்குங்கள். சப்பாத்துப் பெட்டியில் துவாயை உருட்டிவைத்து, அது பிடிக்க ஒரு சிறு கிளையை அடியோடு ஒட்டிக் கட்டி, துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலை ஒரு பக்கம் வையுங்கள். மூடியில் காற்றுத் துளை இருக்கட்டும். கூட்டின் படம், ரியூப்பின் பெயரும் பூட்டிய திகதியும், பாவிக்கும் தூள் டப்பாக்கள் எல்லாவற்றையும் கூடக் கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.

இப்படிக்கு,
பச்சோந்தி வளர்ப்பவர்கள் சிலர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ