எனக்குத் தையல் பழக்கியவர்களுக்கு

அன்புள்ள அன்ரி, அக்கே, ஐயா, நானா, பாஸ், இன்னும் பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போன எல்லோருக்கும்,

நேரில் பல தடவை நன்றி சொல்லப் பார்த்தேன். "இதுக்கெல்லாம் ஏன் பிள்ளை" என்று நீங்கள் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஒருவர் பெயரையும் போடவில்லை. வாசிக்கும்போதே யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் சிலருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த செப்டெம்பரில் கொழும்பில் பொருட்களின் விலை முந்தைய வருஷத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் கூடியிருந்தது. பிறகு விலை ஏறுகிற வேகம் குறைந்தது. ஏறின விலை பெரிதாக இறங்கவில்லை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், இரண்டும் கிடுகிடுவென்று வளருகிற வயது. காலி வீதிக் கடைகளில் ஒரு நல்ல பருத்திச் சட்டைக்குச் சொல்கிற விலையைக் கேட்டு வந்த பிறகுதான், அம்மா தந்த பழைய சிங்கர் மெஷினை மூலையிலிருந்து வெளியே இழுத்தேன். அதுவரைக்கும் எனக்குப் பொத்தான் தைக்க மட்டும்தான் தெரியும்.

முதலில் மெஷின் திருத்துகிற பாஸுக்கு. சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அம்மாவின் மெஷின் அவ்வளவு பழையது இல்லை. ஆனாலும் அந்தக் கறுப்பு உடம்பையும் தங்க எழுத்தையும் தோல் பட்டியையும் கண்டவர்கள் எல்லாரும் "விற்றுப்போட்டு ஒரு மோட்டர் மெஷின் எடுங்கோ" என்றுதான் சொன்னார்கள். நீங்கள் ஒருவர்தான் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை விற்காதீங்க மிஸ், உங்கட பேத்தியும் இதில தைப்பா" என்றீர்கள். இறுகிப் பிசினாகிவிட்ட பழைய எண்ணெயைச் சுரண்டி எடுத்து, பட்டியை மாற்றி, அவ்வளவு வேலைக்கும் பட்டியின் காசை மட்டும் வாங்கினீர்கள்.

அதைவிடப் பெரிய உதவி, போகும்போது சொல்லித் தந்த விஷயம். புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் வருகிற தொல்லை அது: தையலின் மேல்பக்கம் ஒழுங்காக இருக்கும், கீழ்ப்பக்கம் நூல் கொத்தாகச் சிக்கிக் கிடக்கும். எல்லோரும் கீழ் நூல் சுற்றியிருக்கிற பொபினைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். கீழே சிக்கினால் மேல் நூலைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது நீங்கள். துணியை அமத்துகிற காலைத் தூக்கிவிட்டுத்தான் நூல் கோர்க்க வேண்டும். கால் கீழே இருந்தால் நூலைப் பிடிக்கிற இரண்டு தட்டும் மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு நடுவே இறங்காது. பிடி இல்லாமல் ஓடிப்போய்க் கீழே குவியும். கையால் பிடித்துக் காட்டினீர்கள், அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தொல்லை இல்லை. அடுத்த முறை வந்தபோது ஒரு பழைய ஸ்பீக்கரைக் கழற்றி அதன் காந்தத்தையும் கொண்டுவந்து தந்தீர்கள். "சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. எழும்ப முன்னம் நிலத்தை ஒருக்கா இதால தடவுங்க." இன்றைக்கும் மேசைக்குக் கீழே அதை ஓட்டிவிட்டுத்தான் பிள்ளைகளை அறைக்குள் விடுகிறேன். எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் ஒன்றிரண்டு குண்டூசி அகப்படத்தான் செய்கிறது.

புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெரு நானாவுக்கு. 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கி, மூட்டை சுமக்கிற நாட்டாமிமார் தள்ளிக்கொண்டு வருகிற வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, கடைசியில் உங்கள் கடையில் ஏறி நான் கையில் எடுத்தது பூப்போட்ட பளபளப்பான ஒரு துணி. "புள்ளைக்கா?" என்று கேட்டீர்கள். ஓம் என்றதும் அதன் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி லைட்டரில் பிடித்தீர்கள். அது உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகியது. அப்புறம் பக்கத்தில் கிடந்த விலை குறைந்த பொப்ளினிலிருந்து ஓர் இழை. கடதாசி எரிகிற மணம் வந்தது. விரலில் தேய்த்தால் வெறும் சாம்பல். "இந்த வெக்கைக்கு அது வாணாம் தங்கச்சி. நெருப்புப் பட்டாலும் தோலோட ஒட்டிக்கொள்ளும்." கூடின விலைத் துணியை என் தலையில் கட்டிவிட உங்களுக்கு ஒரு நிமிஷம் போதும். நீங்கள் அதைச் செய்யவில்லை. மீற்றர் விலை கேட்பதற்கு முன் அகலத்தைக் கேட்க வேண்டும், 45 அங்குல அகலத்தில் ஒரு சட்டைக்குப் போகிற துணி 58 அங்குலத்தில் ஒரு சட்டையும் ஒரு கட்டைக் காற்சட்டையும் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் நீங்கள்தான். நிறுத்து விற்கிற கட்பீஸ் கட்டுகளைக் கிளறிப் பார்க்க விட்டதற்கும் சேர்த்து நன்றி.

கொட்டாஞ்சேனைத் தையல்கார ஐயாவுக்கு என்ன எழுதுவது என்றுதான் அதிகம் யோசித்தேன். பள்ளிக்கூடம் தொடங்குகிற காலம்தான் உங்களுக்கு உழைக்கிற காலம். அரசாங்கம் தருகிற சீருடைத் துணியோடு அம்மாமார் உங்கள் கடை வாசலில் நிற்பார்கள். நானும் மகளின் துணியைத் தைக்கக் கொடுக்கத்தான் வந்தேன். வீட்டில் மெஷின் இருக்கிறது, பழகிக்கொண்டிருக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னதும், "அப்ப இதை ஏன் என்னட்டத் தாறாய் மகள்? ஒரு பழைய சட்டையைக் கொண்டுவா" என்றீர்கள். அடுத்த நாள் கொண்டுவந்தேன். அதை உட்பக்கம் வெளியே வரத் திருப்பி, நடுவாக மடித்து, பழைய வீரகேசரித் தாளின் மேல் வைத்து, தையல் ஓடுகிற இடத்தில் குண்டூசியால் குத்திக்கொண்டே போனீர்கள். சட்டையை எடுத்ததும் தாளில் புள்ளி புள்ளியாகக் கழுத்தும் தோளும் கைக்குழியும் தெரிந்தன. புள்ளிகளைக் கோடாக்கி, கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் தையலுக்கு, கீழே இரண்டு அங்குலம் மடிப்புக்கு. "மடிப்புக்குக் கஞ்சத்தனம் பார்க்காதே. அடுத்த வருஷத்துச் சட்டை அதுக்குள்ளதான் இருக்கு."

அந்தத் தாளை நீங்கள் வெட்டி முடிக்கும்வரை கடையில் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத்தான் பதற்றம், உங்களுக்கு இல்லை. தொழில் இரகசியம் என்று வாயைத் திறக்காத ஆட்கள் எத்தனையோ பேர். நீங்கள் எதை வைத்துச் சாப்பிடுகிறீர்களோ அதையே எனக்குத் தூக்கித் தந்தீர்கள். ஒரு தையல்கூலியும் உங்கள் கையைவிட்டுப் போனது. இந்த மடலை எழுதவைத்தது முக்கியமாக அந்த நினைப்புத்தான். நானாவுக்கும் பாஸுக்கும் கீழ் வீட்டு அக்காவுக்கும் இது பொருந்தும். தொழில் தெரிந்தவர்கள் தங்கள் பிழைப்பிலிருந்தே பிய்த்துத் தந்ததைத்தான் என் பிள்ளைகள் உடுத்துகிறார்கள்.

எங்கள் மாடியிலேயே இருக்கிற அன்ரிக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் மனையியல் படிப்பித்தவர் நீங்கள். நான் முதல் தைத்த சட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது, முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உடனே உள்ளே திருப்பினீர்கள். வெட்டின ஓரம் கழுத்திலும் கக்கத்திலும் உரசினால், இந்த வியர்வையில் பிள்ளைக்குச் சொறியும் என்று சொல்லி, இரட்டைத் தையல் காட்டித் தந்தீர்கள். துணியின் நல்ல பக்கங்கள் வெளியே இருக்க முதல் தையல். ஓரத்தைக் கால் அங்குலத்துக்கும் குறைவாக வெட்டி, திருப்பி, அந்த ஓரம் உள்ளே அகப்பட இரண்டாவது தையல். ஓரம் தைக்கிற ஓவர்லொக் மெஷின் இல்லாமலே உட்பக்கம் வழவழவென்று வந்துவிடும். வெட்டுவதற்கு முன் துணியைக் கழுவிக் காயப்போட வேண்டும், பருத்தி முதல் கழுவலில் சுருங்கும் என்பதும் உங்கள் பாடம்தான்.

உங்கள் அம்மா லங்கா மகிளா சமித்தி என்ற பெண்கள் அமைப்பில் தையல் பழகியதைப் பற்றி அன்றைக்குச் சொன்னீர்கள். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. மேரி இரட்ணம் கனடாவில் பிறந்த வைத்தியர். தமிழரைக் கலியாணம் செய்து இங்கேயே வாழ்ந்தவர். 1930இல் அந்தச் சமித்தியைத் தொடங்கினார். அங்கே பழகியவர் உங்களுக்குப் பழக்கினார், நீங்கள் எனக்கு. என் மகளுக்கு ஓட்டை பெரிய ஊசியும் கம்பளி நூலும் கொடுத்துப் பழைய துணியில் ஓடவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா, அதையும் தொடங்கிவிட்டோம்.

இனிக் கீழ் வீட்டு அக்கே. உங்களுக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். இந்த மடலை உங்கள் மகன் வாசித்துக் காட்டுவார் என்று நம்புகிறேன். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. அங்கே ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களைப் பற்றி நாங்கள் பத்திரிகையில் வாசித்ததுதான், கிட்ட இருந்து கேட்டது உங்களிடம்தான். நிமிஷத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் ஓடக்கூடிய ஜூகி மெஷின். மணிக்கு இத்தனை என்று கணக்கு. அங்கே இருந்த காலம் முழுக்க நீங்கள் சட்டைக்குக் கை மட்டும்தான் பூட்டினீர்களாம். கழுத்து வேறு ஆள், பொக்கெட் வேறு ஆள். முழுச் சட்டை ஒன்றை அங்கே தைத்ததே இல்லை என்று சொன்னீர்கள்.

அந்தக் கை பூட்டும் வித்தையை எனக்குத் தந்தீர்கள். சட்டையில் எனக்குப் பயமான இடமே அதுதான். கையின் வளைவு, கைக்குழியின் சுற்றளவைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். அந்த மிச்சத்தைச் சுருக்கம் தெரியாமல் அடக்குவது எப்படி? நானோ இருபது குண்டூசி குத்தி வைத்திருந்தேன். நீங்கள் அவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு மூன்றை மட்டும் விட்டீர்கள்: தோளில் ஒன்று, இரண்டு அந்தத்திலும் ஒவ்வொன்று. நீளமான துணி கீழே, கட்டையான துணி மேலே. மெஷினின் பல் கீழ்த் துணியைத்தான் பிடித்து இழுக்கும். மிச்சத்தை அதுவே உள்ளே வாங்கிக்கொள்ளும். என் கைக்கு மேல் உங்கள் கையை வைத்து, "ஹெமின் நங்கி, ஹெமின்" (மெதுவாகத் தங்கச்சி, மெதுவாக) என்று தோள்வரை கொண்டுபோய், அங்கே கையை எடுத்துவிட்டீர்கள். மற்றப் பாதியை நானே தைத்தேன். வேலையால் வந்து, சமைத்து, களைத்துப்போய் இருக்கிற நேரத்தில், வாரக்கணக்காக எனக்காக மாடி ஏறி வந்தீர்கள். உங்கள் முதுகுவலி எனக்குத் தெரியும். இதை நான் சும்மா எழுதவில்லை அக்கே, நெஞ்சார எழுதுகிறேன்.

இன்னும் சிலர். யாழ்ப்பாணத்திலிருந்து வட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டே "ஊசியை மாத்து, அது மழுங்கிப்போச்சு" என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற அம்மா. துணி வெட்டுகிற நேரமெல்லாம் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிற என் கணவர். பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி போடவேண்டும், இல்லாவிட்டால் துணி ஓட்டை விழும் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்து சொல்லிவிட்டு, பம்பலப்பிட்டியில் இறங்கிப் போன அக்கா. உங்களை மறுபடி காணவில்லை, ஆனால் நீங்கள் சொன்னது அப்படியே சரி. எல்லாக் காற்சட்டைக்கும் இரண்டு பொக்கெட் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, என்னைப் பொக்கெட் தைக்கப் பழக்கின என் சின்ன மகனுக்கும் ஒரு நன்றி.

காசாகத் தந்தால் நீங்கள் ஒருவரும் வாங்கமாட்டீர்கள். ஆனபடியால் சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு மெஷின் பழக விரும்புகிறவர்களுக்காகத் திறந்திருக்கும் என்று அன்ரியோடு கதைத்து முடிவு செய்திருக்கிறோம். துணி கொண்டுவர வேண்டியதில்லை, கட்பீஸ் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம்.

அக்கே, உங்கள் மகளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு மெல்லிய வோயில் துணி எடுத்துக் கழுவிக் காயப்போட்டுவிட்டேன். பிறந்த பிள்ளை என்பதால் தையல் எல்லாம் வெளிப்பக்கம் வரும்படி, கழுத்தில் நாடா இல்லாமல் பக்கத்தில் கட்டுகிற மாதிரித்தான் வெட்டப்போகிறேன். எத்தனை சட்டை வேண்டும் என்று மட்டும் மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் பிள்ளை, தங்கச்சி, நங்கி