சம்பளம் வராத வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய உன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தேன். விளக்கை அணைக்கச் சொல்லிச் சொல்லி அம்மா தூங்கியே போய்விட்டாள். நன்றாக எழுதியிருக்கிறாய், பெருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு இடம் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. திட்டப் பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு மாறியபோது போலந்தில் வேலையின்மை 1993 முடிவில் 16 சதவீதத்தைத் தாண்டியது. ரஷ்யாவில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்கள் சில சதவீதம்தான். ஆகவே ரஷ்யா தன் தொழிலாளியைக் காப்பாற்றியது என்கிறாய். எண்களில் பிழை இல்லை. பிழை அந்த 'ஆகவே'யில் இருக்கிறது.

நான் அப்போது மாஸ்கோவில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் என்ன பார்த்தேன் என்று உட்கார்ந்து சொன்னதே இல்லை. 1987-ல் லுமும்பா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது மாதம் 90 ரூபிள் உதவித்தொகை, மெட்ரோவுக்கு 5 கோபெக். விடுதி வாசலில் சாவிகளைக் காத்தபடி ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். குளிருக்குத் தலையை மூடாமல் வந்தால் எங்களைத் திட்டித் தீர்ப்பார். அவருடைய மகள் இவானோவோ நகரத்துப் பருத்தி ஆலை ஒன்றில் தறி ஓட்டினார். நம் ஊர் அரசு ஊழியரின் எஸ்.ஆர். என்ற பணிப் பதிவேடு போல அங்கே எல்லாருக்கும் ஒரு பணிப் புத்தகம் உண்டு. சம்பளம் மேலிருந்து வந்த தர அட்டவணைப்படி. அதைவிட முக்கியம், ஆலை வழியாகக் கிடைத்த மற்றவை: வீடு, குழந்தைகள் காப்பகம், கோடையில் ஓய்வு இல்லம். வேலை என்பது அவர்களுக்குச் சம்பளம் மட்டும் இல்லை, கூரையும் அதுதான். இதை நீ மனதில் வைத்துக்கொள், பிறகு வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

1992 ஜனவரி 2 அன்று சீர்திருத்தக்காரர் கைதாரின் அரசு விலைக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டது. அந்த ஓராண்டில் விலைவாசி ஏறக்குறைய 26 மடங்கு. பாட்டி தன் சாவுச் செலவுக்கென்று சேமிப்பு வங்கியில் போட்டிருந்த பணம் மண்ணாய்ப் போயிற்று. இவானோவோ ஆலைகளுக்குப் பஞ்சு வந்துகொண்டிருந்தது உஸ்பெகிஸ்தானிலிருந்து. அது இப்போது வேறு நாடு, பஞ்சுக்கு உலக விலை. தறிகள் நின்றன. ஆனால் மகளை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. சம்பளமில்லாத விடுப்பு என்றார்கள். கூப்பிட்டபோது போய் ஓட்டினால், சம்பளம் அடுத்த மாதம் என்றார்கள். அந்த அடுத்த மாதம் ஏழெட்டு மாதம் தள்ளிப்போனது.

ஏன் அனுப்பவில்லை? இரக்கத்தால் என்று எழுதிவிடாதே. ஆட்குறைப்பு செய்தால் சட்டப்படி மூன்று மாதச் சம்பளம் வரை கொடுக்க வேண்டும். வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்தால் செலவே இல்லை. இன்னொன்று, நீ எங்கும் தொடாதது: சராசரிச் சம்பளம் ஒரு அளவைத் தாண்டினால் அந்தக் காலத்தில் ஆலைக்குக் கூடுதல் வரி, 1996-ல்தான் அது எடுபட்டது. விடுப்பில் அனுப்பியவர்களையும் குறைந்த சம்பளக்காரர்களையும் பட்டியலில் வைத்திருந்தால் சராசரி இறங்கும், வரியும் இறங்கும். உன் அட்டவணையில் 'வேலையில் இருப்பவர்' என்று நிற்கும் எத்தனையோ பேர் இந்தக் கணக்குக்காக நிறுத்தி வைக்கப்பட்டவர்கள், பாப்பா.

அவர்களும் ஏன் உதறிவிட்டு வரவில்லை என்று கேட்பாய். வந்தால் நிலுவை போகும், சர்வீஸ் அறுபடும், குழந்தைக்குக் காப்பகம் இல்லை. வேலையில்லாதோர் உதவித்தொகையோ ரொட்டிக்குக்கூடப் போதாது, அதுவும் நேரத்துக்கு வராது. ஆகவே பதிந்துகொள்ளவே பலர் போகவில்லை. வீடுவீடாகக் கேட்டு எடுத்த கணக்கில் 1998-ல் வேலையின்மை 13 சதவீதம் அளவுக்கு வந்தது. உன் சில சதவீதத்துக்குப் பக்கத்தில் இதையும் போடு.

படிப்பு முடிந்து நான் அங்கேயே ஒரு மருந்து இறக்குமதி நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன், டாலரில் சம்பளம். ஒரு நாள் யூகோ-சப்பாத்னயா மெட்ரோ வாசலில் பாட்டியின் மகள் நிற்கிறார், காலடியில் கட்டம்போட்ட பெரிய பை. ஆலை சம்பளத்துக்குப் பதிலாகப் படுக்கை விரிப்புகள் கொடுத்திருந்தது. இரவு ரயிலில் கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு வாங்கினேன். விலைக்கு மேல் நீட்டியதை அவர் வாங்கவில்லை. "இது என் சம்பளம், பிச்சை இல்லை" என்றார். கூஸ்-ஹ்ருஸ்தால்னி என்ற கண்ணாடி ஆலை நகரத்தில் இதே கதை: தொழிலாளர்கள் சம்பளமாகப் பெற்ற பளிங்குக் கண்ணாடிக் கிண்ணங்களை ஏந்திக்கொண்டு சாலையோரத்தில் நின்றார்கள். 1998 மே மாதம் சுரங்கத் தொழிலாளர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயில்களை நிறுத்தினார்கள். அந்தக் கோடை முழுக்க மாஸ்கோவில் அரசு மாளிகைக்கு எதிரே, கூனல் பாலத்தில், தலைக்கவசங்களைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்கள் வேலை கேட்கவில்லை. வேலை இருந்தது, நிலத்துக்கடியில் இறங்கி நிலக்கரி வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். செய்து முடித்த வேலைக்குக் கூலி கேட்டார்கள்.

போலந்து மென்மையாக நடந்துகொண்டது என்று நான் சொல்லவில்லை. மூடப்பட்ட அரசுப் பண்ணைக் கிராமங்களுக்கு நீ ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும், அங்கே ஒரு தலைமுறையே ஓய்ந்து உட்கார்ந்தது. ஆனாலும் அங்கே வேலை போனவனுக்கு அது போயிற்று என்று அரசு எழுதிக் கொடுத்தது. அமைச்சர் குரோன் பெயராலேயே மக்கள் அழைத்த உதவித்தொகை கைக்கு வந்தது. போலந்து அடியை வேலையில் வாங்கிக்கொண்டது, ரஷ்யா சம்பளத்தில். உண்மைச் சம்பளம் 1999-ல் சோவியத் கடைசிக் காலத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை.

நிலுவையை எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது. டாலருக்கு 6 ரூபிள் என்றிருந்தது ஆண்டு முடிவில் 20-ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு பழைய சம்பளம் பழைய எண்ணிலேயே வந்தது, விலை ஏறியதற்கு ஈடு எதுவும் இல்லை. பாட்டியின் மகளுக்கு 1997-ன் ஐந்து மாதச் சம்பளம் 1999-ல் மொத்தமாகக் கிடைத்தது. மகனுக்கு ஒரு ஜோடி குளிர்காலப் பூட்ஸ் வாங்கியதும் தீர்ந்துவிட்டது.

அதனால் உன் அட்டவணையில் இன்னொரு நெடுவரிசை சேர்: எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று. தகவல் தேடுவது கடினம் என்பாய். 90-களில் வீட்டுக் கணக்கெடுப்புகளில் அந்தக் கேள்வியைக் கேட்டே வாங்கியிருக்கிறார்கள், உன் பேராசிரியரிடம் சொல்லிப் பார்.

அந்த விரிப்புகளில் ஒன்று கிழிந்துவிட்டது. மற்றது பீரோவில் இருக்கிறது, ஓரத்தில் சின்ன நீலப்பூப் போட்டது. நீ குழந்தையாக இருந்தபோது அம்மா உன்னை அதில்தான் கிடத்துவாள். அடுத்த முறை வரும்போது எடுத்துத் தருகிறேன், அது எப்படி வந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ.

அப்பா