குடும்ப மருத்துவர்களே, நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும்

அன்புள்ள குடும்ப மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அக்கா 11 வருடம் ஒரே மருத்துவரிடம் போய்வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போவார். அவரும் பிரஷர் பார்ப்பார், சுகர் ரிப்போர்ட்டைப் பார்ப்பார், எடை கூடியிருந்தால் அக்கறையாகக் கடிந்துகொள்வார். ஆனால் குடல் பரிசோதனையைப் பற்றி ஒருநாளும் பேச்செடுக்கவில்லை. 57 வயதில் அக்காவுக்குப் படியேறினாலே மூச்சு வாங்கியது. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரத்தம் எங்கே போகிறது என்று தேடவில்லை. எட்டு மாதம் கழித்துத் தெரிந்தபோது, பெருங்குடல் புற்றுநோய் கல்லீரல்வரை பரவியிருந்தது. அடுத்த வருடம் அக்கா போய்விட்டார்.

அந்த மருத்துவர் நல்லவர்தான். நாங்களும் எதுவும் கேட்கவில்லை. இப்படி ஒரு பரிசோதனை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்பதால்தான் இந்த மடல்.

இந்த நோய் பெரும்பாலும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியாகக் குடலின் உட்சுவரில் தொடங்குகிறது. அது புற்றாக மாற பொதுவாகப் பத்து வருடமாவது ஆகும். அக்கா அந்த நாற்காலியில் நாற்பது தடவைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலம் முழுக்க அது உள்ளேயே இருந்திருக்கலாம் என்ற நினைப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிட முடியும். நோய் வருவதற்கு முன்பே தடுக்க வழியிருக்கும் புற்றுநோய்கள் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று. அப்படி இருந்தும் 2022-இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 9 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள்.

எல்லாரையும் எடுத்த எடுப்பிலேயே கொலோனோஸ்கோபிக்கு அனுப்பச் சொல்லவில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் ஃபிட் பரிசோதனை இருக்கிறதே, அதில் தொடங்கலாம். வீட்டிலேயே மாதிரி எடுத்துக்கொடுத்தால் போதும், உணவுக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்தால் சரி. ஆனால் அதில் ரத்தம் இருப்பதாக வந்துவிட்டால், "எதற்கும் இன்னொரு தடவை ஃபிட் எடுத்துப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாலிப்பில் தினமும் ரத்தம் கசியாது. இரண்டாம் தடவை ஒன்றுமில்லை என்று வருவதில் ஆறுதல்பட எதுவுமில்லை. அடுத்து கொலோனோஸ்கோபிதான், அதையும் தள்ளிப்போடக் கூடாது.

வயதையும் கவனியுங்கள். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-இல் பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, இரண்டில் எது முந்தியதோ அப்போது தொடங்கச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். அப்புறம், ரத்தம் போகிறது என்று யாராவது வந்தால், பார்க்காமலே மூலம் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

மலத்தைப் பற்றி வாய்விட்டுப் பேச எங்களுக்குக் கூச்சம். அக்கா என்னிடம்கூடச் சொன்னதில்லை. நாங்களாகப் பேச்சை எடுப்போம் என்று நீங்கள் காத்திருந்தால் அந்தப் பேச்சு வரவே வராது. பிரஷர் பட்டையைக் கழற்றும்போதே கேட்டுவிடுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

அக்காவுக்குத் தெரியவந்த பிறகு நானும் கொலோனோஸ்கோபி செய்துகொண்டேன். முந்தின இரவு மருந்து குடித்துக் குடலைக் காலி செய்ததுதான் சிரமம், மற்றதெல்லாம் மயக்கத்திலேயே முடிந்துவிட்டது. இரண்டு பாலிப் இருந்தன. எடுத்துவிட்டார்கள். மாலையில் நேராக அக்காவைப் பார்க்கப் போனேன். "உனக்கு ஒன்றும் இல்லையே?" என்று முதலில் கேட்டது அவர்தான்.

அன்புடன்,
ஒரு தம்பி