செயலாளரின் ஆண்டறிக்கை – 2024
ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் சங்கம், புதாபெஸ்ட்

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு ஐந்து முறை கூடியது. கோடை முகாமும் டிசம்பர் காட்சி நிகழ்ச்சியும் வழக்கம்போல் நடந்தன. மே 22 முதல் 26 வரை நம் ஊரிலேயே நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்குப் பதினான்கு பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். நான்கு வீடுகளிலிருந்து டிக்கெட் பணம் இன்னும் வரவில்லை.

அடுத்தது, இலையுதிர் காலத்தில் ஆறு சனிக்கிழமைகள் நடத்திய காணொளிப் பாடம். இதற்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று குழுவிலேயே கேட்டார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது நம் நாட்டு ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை பிக்னித்ஸ்கி ஃபன்னியின் போட்டி வாழ்க்கை. 2000 ஜனவரியில் பிறந்தவர். 16 வயது நிறையும் ஆண்டில்தான் சீனியர் என்ற விதிப்படி 2016-இல் சீனியரானார். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் ஹங்கேரிக்காக ஆடியவர். டோக்கியோவில் முதல் பத்துக்குள் வந்து இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அப்படியானால் பதக்கம் வாங்கியவர்களைக் காட்டியிருக்கலாமே என்றார் ஒரு தாய். நம் பிள்ளைகள் நடக்கப்போவது இந்தப் பாதையில்தான். அதைக் காட்டுவதுதான் முறை.

இரண்டு ஒலிம்பிக்கின் மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏறினாரா இறங்கினாரா என்று பார்ப்பது வீண். டோக்கியோவில் கடினத்துக்கான மதிப்பெண்ணுக்கு உச்சவரம்பே இல்லை. பந்து, ரிப்பன் போன்ற கருவியோடு எத்தனை வித்தை திணிக்க முடியுமோ அத்தனையும் எண்ணப்பட்டது. மூச்சுவிட இடமில்லாத ஆட்டங்கள் அப்படித்தான் வந்தன. 2022-இல் விதி மாறியது. அந்த விதி இருந்த 2024 வரை, கருவியோடு செய்யும் வித்தைகளில் இருபதுக்கு மேல் எண்ணப்படவில்லை. கலைத்தன்மைக்குத் தனி நடுவர் குழு, தனியாகப் பத்து மதிப்பெண். எட்டு வினாடி நடன அடிகள் இரண்டு இடத்திலாவது கட்டாயம். ஒன்றரை நிமிடத்துக்குள் முடியவேண்டிய ஆட்டத்தில் எட்டு வினாடி எவ்வளவு பெரிது என்பது எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம், நான்காம் வாரங்கள் ரிப்பனுக்கே போயின. ஜூனியருக்கு ஐந்து மீட்டர், சீனியருக்கு ஆறு. அந்த ஒரு மீட்டரில்தான் நம் பெண்கள் விழுகிறார்கள். கை பழைய வேகத்திலேயே சுழல்கிறது, வால் பின்தங்குகிறது. அடுத்த சுருள் அதன்மேல் ஏறி முடிச்சாகிறது. ஆட்டத்தை நிறுத்தாமல் சமாளித்தால் 0.30 மதிப்பெண், நின்றுவிட்டால் 0.50 போகும். ரிப்பனை மடித்து வைக்காதீர்கள், உருளையில் சுற்றுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் சுருள் உடைந்துவிடும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் கூடத்தில் காற்று வறண்டு, துணி காலில் ஒட்டும். சுழல் கொக்கியை மாதம் ஒருமுறை பாருங்கள்; அது இறுகினால் கைப்பிடியோடு ரிப்பனும் முறுக்கிக்கொள்ளும்.

கருவி கைநழுவினால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டினோம். நின்ற இடத்திலேயே எடுத்தால் 0.50, ஓரிரண்டு அடி வைத்து எடுத்தால் 0.70, மூன்று அடியோ அதற்கு மேலோ போனால் 1.00. பந்து ஆடுகளமான 13 மீட்டர் சதுரத்தைத் தாண்டி உருண்டால் இன்னும் 0.30. அந்த எறிதலுக்குக் கிடைக்கவேண்டிய மதிப்பும் கூடவே போய்விடும்.

வந்தவர்கள் எத்தனை பேர்? முப்பத்திரண்டு குடும்பங்களில் முதல் வாரம் பதினொன்று, கடைசி வாரம் நான்கு. பாடம் நீளம் என்று குறை சொன்னவர்கள் அந்த நான்கில் இல்லை.

சந்தா. ஒன்பது குடும்பங்கள் பாக்கி. பெயர் வாசிக்கப்போவதில்லை, யார் யார் என்பது அவரவருக்குத் தெரியும். இதைவிட வருத்தம், நாம் கட்டும் வருமான வரியில் சங்கத்துக்கு ஒதுக்கக்கூடிய ஒரு சதவீதம். கையிலிருந்து ஒரு ஃபோரிண்ட் கூடப் போகாது. மே 20-க்குள் வரிப் படிவத்தில் சங்கத்தின் வரி எண்ணை எழுதினால் போதும். போன முறை எழுதிவிட்டோமே என்கிறார்கள். சர்ச்சுக்கு ஒதுக்குவது ஒருமுறை எழுதினால் நிற்கும். சங்கத்துக்கு ஆண்டுதோறும் எழுதவேண்டும். கால்பந்து, கைப்பந்து, வாட்டர்போலோ சங்கங்களுக்கு நிறுவனங்களின் வரிச்சலுகைப் பணம் வருகிறது. நம் விளையாட்டு அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு இருப்பது இந்த ஒரு சதவீதம்தான்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். பெரும்பகுதி கூட வாடகை, அடுத்தது கம்பளப் பழுது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பயிற்சியாளர்களுக்கும், கம்பளத்தை விரித்துச் சுருட்டிய தந்தையருக்கும், பலகாரம் கொண்டுவந்த அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மூன்று பெண்கள் சீனியராகிறார்கள். இப்போதைய கூடத்தில் ஆறு மீட்டர் ரிப்பனை எறிந்தால் விளக்கில் மாட்டுகிறது. எட்டு மீட்டர் உயரமுள்ள கூடம் வேண்டும். வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஓர் இடம் பேசி வைத்திருக்கிறேன். ஜனவரி முடிவதற்குள் பாக்கி வந்தால் முன்பணம் கட்டலாம். வராவிட்டால் அந்த மூவரும் எறிதல் இல்லாமலேயே பயிற்சி செய்வார்கள். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் சாவிகளை இன்றே ஒப்படைக்கத் தயார். வரி எண் அச்சிட்ட சீட்டுகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன.

செயலாளர்